உரத்தில் ஊற்றிய பினாயில்

சமையலறை ஜன்னலோரம் நின்று அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

முதலில் யாரோ என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தடவை வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. அடித்தொண்டையில் தொடங்கி, நடுவில் விக்கல் போல உடைந்து, கடைசியில் இருமலில் போய் முடிகிற சிரிப்பு. என் கணவர் சண்முகத்தின் சிரிப்பு. எட்டு மாதமாக எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு.

பக்கவாதம் வந்து பேச்சை இழந்த மனிதர் சிரிக்கிறார். ஒரு மனைவி அந்த நேரத்தில் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. அங்கே போய் எதற்குச் சிரிக்கிறார்?

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுக் காசிம் பாயும் இவரும் ஒரு தகர டிரம்முக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரம்முக்குள்ளே அழுகல் காய்கறி. அதற்கு மேலே சருகு. அந்தக் குப்பையைப் பார்த்துத்தான் இத்தனை சந்தோஷம்.

அவரைக்காய் நாரை வேகமாக இழுத்தேன். காயே இரண்டாகப் போனது.

இந்தத் தொடரில் நான் படித்தது, வேலைக்குப் போனது, பிள்ளை பெற்றது எல்லாம் எழுதியாகிவிட்டது. என்னை நல்ல டீச்சர் என்று நம்பி சிலர் கடிதம் போடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப் பார்த்தேன். முடியவில்லை.

வாய் திறக்காத வீடு

சிங்காநல்லூரில் எங்கள் வீடு. அவர் நூற்பு மில்லில் ஃபிட்டர் மேஸ்திரியாக இருந்தவர். பிறகு மோட்டார் பம்பு கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றார். நான் முப்பத்து சொச்சம் வருஷம் தமிழ் டீச்சர்.

ஒருநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், கண்ணாடி முன்னால் நின்றபடியே சரிந்தார். ஒரு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. அந்த நுரையோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கால் திரும்பி வந்தது, கைத்தடியோடு. வலது கை பாதி வந்தது. பேச்சும் வந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் எங்கேயோ அடியிலிருந்து தேடி எடுத்து வர வேண்டியிருந்தது. எடுத்து வருவதற்குள் வேறொன்று வந்துவிடும். செருப்பு என்பதற்குப் பருப்பு என்பார். என் பேரைச் சொல்வதற்குப் பதில் எங்கள் மகன் பேரைச் சொல்வார்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “மேடம், அவரு முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்திருங்க. நீங்களே சொல்லிப்போட்டீங்கன்னா அவருக்கு வராதுங்க.”

எனக்கா பொறுமை சொல்லித் தருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்புக்கு அறுபது பிள்ளைகளை வைத்து மேய்த்தவள் நான்.

ஆனால் “தண்…” என்று அவர் வாயைத் திறந்தால், சொம்பில் தண்ணீர் அவர் முன்னால் இருக்கும். “பருப்பு எங்கே” என்றால், “செருப்புங்க. செ, செ. எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்” என்பேன். நல்லதுக்குத்தான் செய்தேன். கொஞ்ச நாளில் அவர் கையைக் காட்ட ஆரம்பித்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் அதுவும் குறைந்தது.

வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பாயும் டிரம்மும்

அடுத்த வீட்டில் ரஹ்மத் இருக்கிறாள். வங்கியில் வேலை. கணவர் துபாயில். அவளுடைய அம்மா இறந்த பிறகு, உக்கடத்தில் தனியாக இருந்த அத்தாவை (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) தன்னோடு அழைத்து வந்துவிட்டாள். அவர்தான் காசிம் பாய்.

பாய் உக்கடத்தில் தகரப் பட்டறை வைத்திருந்தவர். வாளி, புனல், வெந்நீர் அண்டா எல்லாம் அவர் கையில் அடித்தது. அடித்து அடித்துக் காது போய்விட்டது. மகள் வாங்கிக் கொடுத்த காது மிஷின் எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். “ஊட்டுல எதுக்குங்க அது? பேட்டரி தீந்துரும்” என்பார். அவர் பேசுவது மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

வந்த மூன்றாவது வாரமே பாய்க்குத் தோட்டம் போடும் ஆசை வந்துவிட்டது. பின்னால் இருந்ததோ வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் தூளும் சிமெண்டு மண்ணும். அதில் புல் கூட முளைக்காது. முதலில் உரம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார். பழைய டிரம் ஒன்றை வாங்கி, அடியை வெட்டி எடுத்து, சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, மண்மேல் நிறுத்தினார்.

அன்றைக்கு என் கணவர் வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். பாய் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

“ஏனுங்க மேஸ்திரி! சும்மாதான இருக்கறீங்க? வந்து இந்தச் சாக்க ஒரு பக்கம் புடிங்க!”

“அவருக்குக் கை முடியாதுங்க பாய்” என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன்.

பாய்க்கு அது காதில் விழவில்லை. இவருக்கு விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய்விடுவார். நான் பந்து வாங்கிக் கொடுத்து, “அமுக்குங்க, விரலுக்கு நல்லது” என்று கெஞ்சியிருக்கிறேன். சுவரில் விட்டெறிந்தார். அங்கேயோ காலிஃபிளவர் தண்டை வலது கையால் ஒடித்து ஒடித்துப் போடுகிறார். ஒரு அடுக்கு காய்கறிக் கழிவு, மேலே இரண்டு அடுக்கு சருகு, அதன்மேல் கரைத்த சாணி, வாரத்துக்கு ஒருதரம் புளித்த மோர். நான் மோர் கொடுத்தால் குடிக்க மாட்டார். பாய் வீட்டுக் குப்பைக்கு ஊற்ற என் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் போவார்.

இருபது நாள் கழித்து ஒரு காலை, டிரம்முக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என் முன்னால் நின்று கையை விரித்தார்.

“சூ… சூடு” என்றார்.

உள்ளே உரம் வேகத் தொடங்கினால் அப்படித்தான் சுடும் என்று இப்போது தெரிகிறது. அவர் அதை எனக்குச் சொல்ல ஓடி வந்திருக்கிறார். நான் என்ன சொன்னேன்? “முதல்ல கையக் கழுவுங்க.”

டிசம்பர் பூவை மேய்ந்த ஆடு

பொறாமை எனக்குப் புதிதில்லை.

நாலாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் செல்வி என்று ஒருத்தி. அவள் வீட்டு டிசம்பர் செடி அந்த வருஷம் இலையே தெரியாமல் ஊதாவாகப் பூத்தது. தினமும் ஒரு முழம் கட்டி வைத்துக்கொண்டு வந்து, என் முன் பெஞ்சில் உட்காருவாள். அந்தப் பின்னலைப் பார்த்துக்கொண்டேதான் நான் வாய்ப்பாடு படித்தேன்.

அந்தச் செடி செத்துப் போகட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இரண்டே நாளில் ஆடு ஒன்று புகுந்து வேர்வரைக்கும் மேய்ந்துவிட்டது. என் வேண்டுதல்தான் ஆடாக வந்தது என்று நம்பி எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வி அழுதாள். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். எல்லோரும் என்னை நல்ல மனசுக்காரி என்றார்கள்.

அந்தப் பெயரைத்தான் இத்தனை வருஷமாகக் காப்பாற்றி வந்தேன் என்று நினைக்கிறேன்.

பல்லடத்துக் கோழி எரு

அவர் சிரித்த மறுநாள் நானும் உரம் போடுவது என்று முடிவு செய்தேன். டிரம் எல்லாம் எதற்கு? எங்கள் கொல்லையில் கொய்யா மரத்தடியில் குழியே தோண்டச் சொன்னேன். ஆள் வைத்து, இடுப்பளவு. பாயுடைய டிரம்மை விடப் பெரிதாக இருந்தால் இவர் இங்கே வந்துதானே ஆக வேண்டும்.

பல்லடத்தில் தறி ஓட்டுகிற எங்கள் மகனுக்குப் போன் போட்டேன். “கண்ணு, அங்க கோழிப்பண்ணையில எரு கெடைக்குமா? நாலு மூட்டை கொண்டா.”

“நாலா? எதுக்கும்மா அத்தனை?”

“கொண்டான்னா கொண்டாடா.”

ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து போட்டான். நாலு மூட்டையையும் குழியில் கொட்டி, ஒரு வாரக் காய்கறிக் கழிவை அதன்மேல் போட்டு, சீக்கிரம் மக்கட்டும் என்று ஆறு குடம் தண்ணீரும் ஊற்றினேன். பத்து வருஷம் அறிவியல் டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், ஒரு வார்த்தை யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நாற்றம் தொடங்கியது. ஐந்தாம் நாள் கண் எரிந்தது. ஈ என்றால் சாதாரண ஈ இல்லை, பச்சை ஈ. எதிர் வீட்டில் ஜன்னலை மூடினார்கள். பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். குழியைக் கிளறினால் வெள்ளைப் புழு நெளிந்தது.

அவர் ஒருநாள் வந்து குழி விளிம்பில் நின்றார். என் மனசு துள்ளியது. மூக்கைச் சுளித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ச… ச…”

“சாணியா? சாணி ஊத்தணுமா?”

தலையை ஆட்டினார், இல்லையென்று.

“சாம்பலா? சல்லடையா?”

கையை உதறிவிட்டுப் பாய் வீட்டுக்குப் போய்விட்டார். அரைமணி நேரத்தில் மதிலுக்கு மேலே பாயின் தலை தெரிந்தது.

“டீச்சரம்மா! சருகு போடுங்கன்னு மேஸ்திரி சொல்றாரு! ஈரம் ஜாஸ்தியாப் போச்சாம்! சருகு! காஞ்ச எலை!”

தெரு முழுக்கக் கேட்டது. என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்ல வேண்டியதை அடுத்த வீட்டு மனிதர் கத்திச் சொல்கிறார். நான் சருகு போடவில்லை. வீம்புக்கென்றே இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

மதிலோரம் கேட்டது

அடுத்த வாரம் துவைக்கிற கல்லில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அது மதிலை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

ஆமாம், பேசிக்கொண்டிருந்தார். திக்கித் திக்கித்தான். ஆனால் நிறுத்தவில்லை. பாய் நடுநடுவே “ஆங்? என்னங்க? இன்னொருக்கா சொல்லுங்க!” என்று கத்துவார். இவர் அதே வார்த்தையை இன்னும் உரக்கச் சொல்வார். அலுக்காமல்.

“மில்லு… மூடி… மூடிட்டாங்க.”

“எதை மூடுனாங்க?”

“மில்லு! ஊட்டுல… சொல்லலை. டிபன்… டப்பா… எடுத்து… குளத்து… மேட்டுல… உக்காந்து…”

“எத்தனை நாளுங்க?”

“ஒரு… மாசம்.”

“அடேயப்பா! ஊட்டம்மாவுக்குத் தெரியாமயா?”

“தெரி… யாது.”

என் கையிலிருந்த துண்டு நழுவி வாளிக்குள் போனது.

மில் மூடியது எனக்குத் தெரியும். மூடிய மறுவாரமே பம்பு கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரு மாதம் நான் கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு போய் சிங்காநல்லூர்க் குளக்கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வீடு வந்திருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவளுக்குச் சொல்லவில்லை. ஆறு மாதம் முன்னால் குடிவந்த மனிதருக்குச் சொல்கிறார். அதுவும், என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட வராத வாயால்.

வேறொரு பெண்ணோடு பழகியிருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும். ஒரு காது கேளாத கிழவரோடும் ஒரு டிரம் குப்பையோடும் நான் எப்படிச் சண்டை போடுவது?

வெள்ளிக்கிழமை மதியம்

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாய் பள்ளிவாசல் போய்விடுவார். ரஹ்மத் வங்கியில். இவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

குளியலறை கழுவ வைத்திருந்த பினாயில் கேன் கண்ணில் பட்டது. அதை எடுக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது என்றெல்லாம் எழுத மாட்டேன். தெரியும். எடுத்தேன். துவைக்கிற கல்மேல் ஏறினேன். முழங்கால் வலித்தது. டிரம் மதிலை ஒட்டியேதான் இருந்தது. மூடியிருந்த சாக்கை நகர்த்தினேன்.

உள்ளே மேலே சருகு, அதற்குக் கீழே கறுப்பாக, பொலபொலவென்று மண். நாற்றமே இல்லை. முதல் மழை விழுந்த காட்டு வாசம். சிவப்பாக, நூல் போல மண்புழுக்கள். இரண்டு பேரும் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து விட்டவை.

கேன் முழுவதையும் ஊற்றினேன். பால் மாதிரி வெள்ளையாக இறங்கியது. புழுக்கள் சுருண்டு துடித்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சாக்கை மூடினேன்.

கீழே இறங்கிக் கையை மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினேன். பிறகு அவருக்கு டீ போட்டேன்.

சனிக்கிழமை

காலையில் பாயின் சத்தம் கேட்டது. நான் நினைத்த சத்தம் இல்லை.

“ஏம்மா! பினாயிலை இதுக்குள்ள ஊத்தினியா? ஈ வருது, எடுத்துப் போடுங்கன்னு தெனமும் சொன்னியே! இப்படிப் பண்ணிட்டியே!”

“நான் எதுக்குங்கத்தா ஊத்தறேன்? சத்தியமா நான் இல்லே!” ரஹ்மத்தின் குரல் அழுதுகொண்டிருந்தது.

“வேற யாரு? ஊட்டுல நாம ரெண்டு பேருதான!”

நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன். ரஹ்மத் எனக்கு மருந்து வாங்கித் தந்தவள். இவர் விழுந்த அன்று காரோட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் அவள்தான்.

என் கணவர் அன்று அரைமணியில் திரும்பி வந்துவிட்டார். விரல்களுக்கிடையில் செத்த புழு ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கழுவக்கூட இல்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் எங்கும் போகவில்லை. நான் கேட்டது அதுதானே? கிடைத்துவிட்டது. அவர் முழுநேரமும் என் வீட்டில், என் கண்முன்னால், ஒரு வார்த்தையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அடுத்த வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பாய் ஒரு பையோடு வெளியே வந்தார். உக்கடத்துப் பழைய வீட்டுக்கே திரும்பிப் போகிறார் என்று பால்காரர் சொன்னார். மகளும் அத்தாவும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லையாம். ரஹ்மத் கதவோரம் நின்றிருந்தாள், முகம் வீங்கி.

இவர் தடியை ஊன்றி எழுந்து கேட்டுவரை போனார். “பா… பாய்…” என்றார். அதற்குமேல் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஊருக்கே கேட்டது

“பாய், ரஹ்மத் ஊத்தலைங்க. நான்தான் ஊத்தினேன்.”

மெதுவாகத்தான் சொன்னேன். எப்படியாவது மெதுவாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

“என்னங்க டீச்சரம்மா?” பாய் கையைக் காதுக்குக் குவித்தார்.

“நான்தாங்க ஊத்தினேன்!”

“எதை?”

“பினாயிலை!”

“பினாயில் வேணுமா?”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் வகுப்பறைக் குரலில், கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

“உங்க உரத்துல பினாயில் ஊத்தினது நான்தான்! ரஹ்மத் இல்லே! பொறாமையில ஊத்திப்போட்டேன்!”

பாய் பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து காது மிஷினை எடுத்து, நிதானமாக மாட்டினார். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

“இப்பச் சொல்லுங்க” என்றார். முதன்முறையாக அவர் மெதுவாகப் பேசினார்.

மறுபடியும் சொன்னேன். கத்தியதை விட அதுதான் கஷ்டமாக இருந்தது.

பாய் என்னைப் பார்க்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார். அவள் முன்னால் போய் நின்று, “தப்புப் பண்ணிட்டேம்மா, உன்னச் சொல்லிப்போட்டனே” என்றார். அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஆட்டோ போய்விட்டது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

“எம்மேல கோவம்னா என்னைய நாலு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. புழு என்னங்க பண்ணுச்சு?”

ரஹ்மத் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளிடம் இரண்டு தடவை போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது தடவைதான் உள்ளே வாங்க என்றாள்.

அவர் சொன்ன காரணம்

அன்று சாயங்காலம் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“அவருகிட்ட அத்தனை பேசறீங்க. எங்கிட்ட ஏனுங்க பேசறதில்லே?”

அவர் உதட்டை அசைத்துப் பார்த்தார். வாய் தேடியது. என் நாக்கு நுனியில் நாலைந்து வார்த்தை வந்து நின்றன. இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். நிஜமாகவே பொத்திக்கொண்டேன்.

“பாய்க்கு… காது… கேக்காது. தப்பாச் சொன்னா… தெரியாது.” மூச்சு வாங்கினார். “நீ… டீச்சரு.”

நான் இத்தனை வருஷம் எத்தனையோ நோட்டில் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

மறுபடியும் முதலிலிருந்து

மறுநாள் டிரம்மில் இருந்ததை எல்லாம் வாரி மூட்டை கட்டி மாநகராட்சி வண்டியில் ஏற்றினோம். பினாயில் வாடை போக டிரம்மைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தோம். அது காய்கிற வரைக்கும் என் குழியைச் சரிசெய்யலாம் என்று பாயே சொன்னார். அவருக்கு என்மேல் வருத்தம் போய்விடவில்லை. ஆனால் குப்பை வீணாகப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பார்க்கில் கூட்டி வைத்திருந்த சருகை ஒன்பது சாக்கு கேட்டு வாங்கி வந்தேன். இவர் குழியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இன்… னும்” என்பார். நான் ஒரு கூடை போடுவேன். “இன்னும்.” இன்னொரு கூடை. பாய் கடப்பாரையால் குத்திக் காற்றோட்டம் விட்டார். பத்து நாளில் நாற்றம் அடங்கியது. அடுத்த வாரம் மேலே கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. “சூடுங்க” என்று நான்தான் அவரிடம் ஓடினேன்.

இப்போது பாய் தினமும் எங்கள் கொல்லைக்கு வருகிறார். இரண்டு பேரும் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். சிரிப்புச் சத்தம் கேட்டால் எதற்கென்று தெரிந்துகொள்ள இன்னமும் கை வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு காலை. பாய் இன்னும் வரவில்லை. மக்கிய உரத்தை நான் சலித்துக்கொண்டிருந்தேன், அவர் கட்டியை நசுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “மில்லு… மூடினப்போ…” என்று ஆரம்பித்தார். குளக்கரைக் கதை. எனக்குத் தெரிந்த கதை என்று சொல்லவில்லை. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டிபன் டப்பா, குளத்து மேடு, ஒரு மாதம். கால்மணி நேரம் ஆனது.

நான் முடிந்தது என்று நினைத்தபோது அவர் முடிக்கவில்லை.

“உன்… பஸ்ஸு… வரும்” என்றார். “சாய… சாயங்காலம். தெனமும்… பாப்பேன். ஒருநாள்… நின்னு போச்சு.”

ரிப்பேர் ஆகி நின்ற பஸ். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கி, கூட வந்த டீச்சர்களோடு குளக்கரையில் நின்றிருக்கிறேன். அவர் ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால், பத்தடி தூரத்தில். கூப்பிடலாம் என்று எழுந்தாராம். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று.

“ஏங்க கூப்பிடலை?”

வார்த்தைக்காக அவர் கொய்யா மரத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை.

“நீ… சிரிச்சிட்டு… இருந்தே.”

கண்ணைத் துடைக்கக் கை வைத்தேன். கையெல்லாம் உரம். அப்படியே புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

“இதைப் பாய்கிட்டச் சொன்னீங்களா?”

இல்லையென்று தலையாட்டினார்.

சற்று நேரத்தில் பாய் வந்தார், வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு. அன்றைக்குப் பாயின் டீயில் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடவே போட்டேன்.